சமுதாய, இளைஞர் மேம்பாடு படிக்க வெளிநாடு செல்லும் கொங்கு மாணவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்டவற்றைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் ஸ்காட்லாந்தில் இந்தப் படிப்பை முடித்தவன். இப்போது திருப்பூர் வட்டாரத்தில் இளைஞர்களோடு வேலை செய்கிறேன். விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் சமயத்தில் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இது எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிப்புதானே? பெயர் மட்டும் வேறா?

இல்லை. இரண்டும் பங்காளி வீடுகள், அடுப்பு தனித்தனி. சமூகப் பணியாளரிடம் ஒரு குடும்பம் பெரும்பாலும் சிக்கல் வந்த பிறகு வருகிறது, அல்லது நீதிமன்றமோ அரசுத் துறையோ அனுப்பிவைக்கிறது. இளைஞர் பணியாளரிடம் ஒரு பையனோ பெண்ணோ தாமாக வருகிறார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வராமல் இருந்துவிடலாம். மதிப்பெண் இல்லை, வருகைப் பதிவுக்குத் தண்டனை இல்லை. அப்படி விரும்பி வந்த பிள்ளையோடு பேசி, விளையாடி, சண்டை தீர்த்து, ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்து, அதன் வழியே கற்றுக்கொள்ள வைப்பதுதான் இந்தத் தொழில். இங்கிலாந்தில் 11 முதல் 25 வயது வரை உள்ளவர்களோடு இந்தப் பணி நடக்கிறது.

சமுதாய மேம்பாடு என்ற பாதி, ஊரை அணுகும் முறை. பிரேசிலின் பாவ்லோ பிரையரே முன்வைத்த உரையாடல் வழிக் கல்வியையும், அமெரிக்காவின் ஜான் கிரெட்ஸ்மன், ஜான் மெக்நைட் இருவரும் 1993இல் எழுதிய அணுகுமுறையையும் எல்லா இடத்திலும் படிப்பீர்கள். ஓர் ஊரில் என்ன இல்லை என்று கணக்கெடுப்பதற்கு முன் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கச் சொல்வது இந்த இரண்டாவது அணுகுமுறை.

ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய பங்கேற்பு ஏணியும் பாடத்தில் வரும். அதற்கு எட்டுப் படிகள். கீழேயுள்ள மூன்று படிகளில் பிள்ளைகள் இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் அவர்களுக்குப் பங்கே இல்லை. நம் பள்ளி ஆண்டு விழாக்களில் பட்டுப்பாவாடை கட்டிப் பன்னீர் தெளிக்க நிறுத்தப்படும் குழந்தைகள் நிற்பது இரண்டாம் படியில். அதற்கு ஹார்ட் வைத்த பெயரே அலங்காரம்தான். இதைப் படித்த பிறகு எந்த விழாவையும் பழைய கண்ணோடு பார்க்க முடியாது.

பனியன் கம்பெனியும் விசைத்தறியும் கோழிப்பண்ணையும் இருக்கும் ஊரில் இதற்கு என்ன தேவை?

ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி, நீண்ட பதில் வேண்டிய கேள்வி.

நம் பகுதியில் இளைஞர்களுக்கு வேலை கிடைக்கிறது. அதனாலேயே அவர்களுடைய மற்ற எதையும் யாரும் கேட்பதில்லை. பத்தாம் வகுப்பில் தவறிய பையன் மறு வாரமே பனியன் கம்பெனியில் கைமடிக்கும் உதவியாளாகப் போய்விடுகிறான். சம்பளம் வருவதால் வீட்டில் கவலை இல்லை. அவன் திரும்பிப் படிக்க விரும்புகிறானா, மாலையில் எங்கே போகிறான், யாரோடு பழகுகிறான் என்று கேட்க ஆள் இல்லை. நூல் மில் விடுதிகளில் தென்மாவட்டத்துப் பெண்கள் இருக்கிறார்கள். மூன்று ஆண்டு முடிந்தால் மொத்தமாகப் பணம் என்று சொல்லி ஆள் சேர்த்த சுமங்கலித் திட்டம் நம் மில்களில் நடந்ததை மறக்க முடியாது. அந்த விடுதிகளின் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி ஊருக்கு எதுவும் தெரியாது.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் திருப்பூர் அரசுப் பள்ளிகளில் தமிழில் படிக்கிறார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது எத்தனையோ தொழிலாளர்கள் அச்சத்தில் ரயில் ஏறினார்கள். அரசும் காவல்துறையும் அதை மறுத்து, அவர்கள் மொழியிலேயே பேசித் தைரியம் சொன்னார்கள். ஆனால் ஒரே தெருவில் இருக்கும் உள்ளூர் இளைஞரும் வெளியூர் இளைஞரும் முன்பே சேர்ந்து கிரிக்கெட் ஆடியிருந்தால் அந்த வதந்திக்கு அவ்வளவு வலு இருந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்படிச் சேர்த்து வைப்பது தற்செயலாக நடக்காது. அதற்கென்று பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

பிறகு மலைகள். தாளவாடி, கடம்பூர், பர்கூர் மலைகளில் ஊராளி, சோளகர் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியை முடித்ததும் எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் வேறு கதை: இளையவர்கள் மலையை விட்டு இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

சாதியைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. 2015இல் கோகுல்ராஜும் 2016இல் உடுமலைப்பேட்டை சங்கரும் சாதி வெறியால் கொல்லப்பட்டது நம் மண்ணில்தான். இருவருமே கல்லூரிப் பருவத்து இளைஞர்கள். நம் பக்கத்துக் கும்மி ஆட்டமான வள்ளி கும்மியை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்களை அந்தக் கலைக்குள் கொண்டுவந்தவர் அவர். இன்று ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கான பெண்களும் சிறுவர்களும் ஒரே தாளத்தில் அடி எடுத்து வைக்கிறார்கள். குழுப்பணிக்கு இதைவிடச் சிறந்த வடிவத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத்தராது. இந்தப் படிப்பு உங்களுக்குக் கற்றுத்தருவது வேறொன்று: அந்த வட்டத்தில் எந்தத் தெருப் பிள்ளைகள் இல்லை என்று பார்க்க, ஏன் இல்லை என்று வாய்விட்டுக் கேட்க, அவர்கள் உள்ளே வரும்வரை பொறுமையாக வேலை செய்ய.

அதற்கு வெளிநாடு போகத்தான் வேண்டுமா?

கட்டாயமில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் 1993 முதல் இயங்குகிறது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. இளைஞர் மேம்பாட்டை மையமாக வைத்த முதுகலைப் படிப்பு அங்கே உண்டு. நமக்குப் பக்கத்தில் காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோவையிலேயே பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியிலும் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்திலும் சமூகப் பணி படிக்கலாம். வீட்டில் பணம் நெருக்கடி என்றால் இவற்றில் ஒன்றில் சேருங்கள். அதில் குறைவு ஏதும் இல்லை.

வெளிநாட்டில் கூடுதலாகக் கிடைப்பது, இளைஞர் பணி ஒரு தனித் தொழிலாக, தகுதிச் சான்றோடும் நெறிமுறையோடும் மேற்பார்வையோடும் நடப்பதை உள்ளே இருந்து பார்ப்பது. இந்தியாவில் நாட்டு நலப்பணித் திட்டம் 1969இலும் நேரு யுவ கேந்திரா 1972இலும் தொடங்கின. ஆனால் இளைஞர் பணியாளர் என்ற தொழில்தகுதி இங்கே இன்னும் வேரூன்றவில்லை. அதை நேரில் கண்டவர்கள் இங்கே சிலராவது வேண்டும் என்பது என் ஆசை.

எந்த நாடு நல்லது?

நாட்டைப் பார்க்காதீர்கள், பட்டத்துக்குப் பின்னால் தொழில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தில் தேசிய இளைஞர் முகமை சரிபார்த்து, ஜே.என்.சி. என்ற இளைஞர் பணியாளர் தொழில்தகுதி தரும் படிப்புகள் உண்டு. அதே பெயரில் அந்தத் தகுதி இல்லாத படிப்புகளும் உண்டு; விளம்பரத் தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஸ்காட்லாந்தில் இதற்கென்று தனித் தர மன்றம் இருக்கிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் வயதுவந்தோர் கல்வி, சமுதாய மேம்பாடு, இளைஞர் பணி மூன்றையும் சேர்த்து முதுகலை நடத்துகிறது. அயர்லாந்தில் மேனூத் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் பெயர் பெற்றது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்னின் விக்டோரியா பல்கலைக்கழகமும் ஆர்.எம்.ஐ.டி.யும் இளைஞர் பணியைத் தனிப் பட்டமாகவே கற்பிக்கின்றன. கனடாவில் குழந்தை, இளைஞர் பராமரிப்பு என்ற பெயரில் தேடுங்கள். டொரான்டோ மெட்ரோபாலிடன், கனடாவின் விக்டோரியா ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. அமெரிக்காவில் 1902இல் தொடங்கிய ஃபோர்-எச் என்ற கிராமப்புற இளைஞர் இயக்கத்தின் வழியாக வேளாண் பல்கலைக்கழகங்களோடு இந்தத் துறை வளர்ந்தது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் அதைக் கவனிக்கலாம்.

நான் என்ஜினீயரிங் முடித்தவன். சேர முடியுமா?

முதுகலையில் பல இடங்களில் முடியும். எந்தப் பட்டம் என்பதைவிட இளைஞர்களோடு வேலை செய்த அனுபவம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அனுபவம் இல்லாமல் கல்லூரி முடித்த கையோடு போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். இரண்டு ஆண்டு இங்கே வேலை செய்துவிட்டுப் போங்கள். மாலைநேர வகுப்பு நடத்தும் அமைப்பு, குழந்தைத் தொழிலாளர் மறுவாழ்வு, மலைக்கிராமப் பள்ளி என்று எதுவாகவும் இருக்கலாம். அங்கே வகுப்பில் பேச உங்களிடம் விஷயம் இருக்கும். கேட்கவும் கேள்வி இருக்கும்.

களப்பணி என்றால் என்ன? வெளிநாட்டு மாணவரை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

படிப்பின் உயிர் இதுதான். தகுதி தரும் படிப்புகளில் மாணவர் குறிப்பிட்ட மணிநேரம் ஓர் இளைஞர் மன்றத்திலோ, அகதிகளுக்கான அமைப்பிலோ, உள்ளாட்சியின் இளைஞர் சேவையிலோ வேலை செய்ய வேண்டும். துறையில் தேர்ந்த ஒருவர் மேற்பார்வையிடுவார். ஒவ்வொரு மாலையும் என்ன நடந்தது, நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று எழுத வேண்டும். முதல் மாதம் அது வீண்வேலையாகத் தோன்றும். பிறகு, ஒரு பதினான்கு வயதுப் பையன் கூச்சலிட்டபடி வெளியேறிய அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள், யாரைப் பார்த்துப் பேசினீர்கள் என்பதெல்லாம் அந்தத் தாளில் தெரியத் தொடங்கும்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களோடு வேலை என்பதால் பின்னணிச் சோதனை கட்டாயம். இங்கிலாந்தில் டி.பி.எஸ்., ஸ்காட்லாந்தில் பி.வி.ஜி., ஆஸ்திரேலியாவில் குழந்தைகளோடு பணிபுரிவதற்கான சோதனை என்று பெயர் மாறும். நீங்கள் இந்தியாவில் வாழ்ந்த காலத்துக்குக் காவல்துறைச் சான்றும் கேட்கலாம். அதைப் பாஸ்போர்ட் சேவை வழியாகப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். அங்கே போய் அதற்குக் காத்திருந்து களப்பணி தள்ளிப்போன மாணவர்கள் இருக்கிறார்கள்.

விசா விதியும் இங்கே நுழைகிறது. பிரிட்டனில் பட்ட மாணவர் கல்விப் பருவத்தில் வாரம் 20 மணிநேரம் வரை சம்பள வேலை செய்யலாம். படிப்பின் பகுதியாக மதிப்பிடப்படும் களப்பணி அந்தக் கணக்கில் சேராது. ஆஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48 மணிநேரம். அங்கும் கட்டாயக் களப்பணி தனி. அமெரிக்காவில் சம்பளமுள்ள களப்பணிக்குப் பல்கலைக்கழகத்தின் முன் அனுமதி வேண்டும்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் ஈழத்தமிழர் அதிகம். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் உண்டு. அங்கேயே களப்பணி செய்தால் எளிது என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு பகுதியை அங்கே செய்யலாம், முழுவதையும் வேண்டாம். உங்களைப் பற்றியும் உங்கள் ஊரைப் பற்றியும் எதுவுமே தெரியாத பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெறுவதில்தான் கற்றல் அதிகம்.

என் ஆங்கிலம் போதுமா?

ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் பல படிப்புகள் 6.5 கேட்கும். தேர்வைக் கோவையிலேயே எழுதலாம். மதிப்பெண்ணைவிடக் கடினமானது கிளாஸ்கோ பையன்கள் பேசுவதைப் புரிந்துகொள்வது. புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். அந்தப் பிள்ளைகள் மகிழ்ச்சியாகச் சொல்லித்தருவார்கள். ஆசிரியர் இடத்தில் அவர்கள் நிற்கும் அந்த நேரம் மிக நல்ல இளைஞர் பணி.

எவ்வளவு பணம் வேண்டும்? தோட்டத்தை அடமானம் வைக்கலாமா?

பிரிட்டனில் முதுகலைக் கட்டணம் ஏறத்தாழ 15,000 பவுண்டிலிருந்து 20,000க்கு மேல் வரை போகிறது. அதன்மேல் வாழ்க்கைச் செலவைக் காட்ட வேண்டும்: 2025 நவம்பர் முதல் லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, மற்ற இடங்களில் 1,171, ஒன்பது மாதம் வரைக்கும். சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. ஆஸ்திரேலியாவில் ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்டச் சொல்கிறார்கள்.

பிரிட்டன் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். கணக்கு மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்கலாம். மாமா கணக்கிலோ சித்தப்பா கணக்கிலோ இருக்கும் பணம் செல்லாது. உறவுகள் கூடிச் செலவை ஏற்பது நம் பக்கத்து வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: முன்கூட்டியே பெற்றோர் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட கல்விக்கடன் ஒப்புதல் கடிதம் இருந்தால் இந்த 28 நாள் விதி அந்தத் தொகைக்கு இல்லை.

கடன் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். ஆனால் கடன் திரும்பாவிட்டால் ஈட்டுச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதால், தோட்டத்தை ஈடாக ஏற்கப் பல வங்கிகள் தயங்குகின்றன. ஐந்து ஏக்கர் பூமி இருந்தும் கடன் கிடைக்கவில்லை என்று குழம்புகிறவர்களுக்குக் காரணம் இதுதான். வீடோ மனையோ வைப்புநிதியோ இருந்தால் வழி உண்டு. இல்லையென்றால் தனியார் பைனான்ஸில் வட்டிக்கு வாங்கி இந்தப் படிப்புக்கு அனுப்பாதீர்கள், ஐயா. இந்தத் துறையின் சம்பளம் அந்த வட்டியைக் கட்டாது.

உதவித்தொகை உண்டா?

உண்டு, இந்தத் துறைக்குப் பொருத்தமானவையும் உண்டு. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணிநேரப் பணி அனுபவம் வேண்டும். சம்பளமில்லாத தன்னார்வப் பணியும் அந்தக் கணக்கில் சேரும். முடித்தபின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். இங்கே வேலை செய்யத் திரும்பும் எண்ணம் உள்ளவருக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நம் கிராமங்களில் இது போதுமான அளவு தெரியவில்லை. தெரிந்தவர்கள் தெரியாதவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இருக்கிறது. ஆனால் 2022இல் வந்த விதிமுறை, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவை மையமாகக் கொண்ட சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளை விலக்கியது. இது எனக்கு ஏற்க முடியாத விதி. தன் சேரியையும் தன் மலையையும் ஆராய விரும்பும் பிள்ளைக்குத்தான் அது கதவைச் சாத்துகிறது. விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிமுறையைப் படித்துவிட்டுத் தலைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

முகவர் வழியாகப் போகலாமா?

போகலாம், கட்டாயமில்லை. காந்திபுரத்திலும் ஈரோட்டிலும் இருக்கும் ஆலோசனை மையங்கள் பலவும் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் பெறுகின்றன. கமிஷன் எங்கே அதிகமோ அங்கே தள்ளுவார்கள். என்னிடம் வந்த ஒரு பெண்ணை, இளைஞர் பணி கேட்டு வந்தவளை, திட்ட மேலாண்மைப் படிப்பில் சேர்த்திருந்தார்கள். விண்ணப்பக் கட்டுரையை மட்டும் எவரிடமும் கொடுத்து எழுதாதீர்கள். உங்கள் தெருவில் நீங்கள் பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுங்கள். என்ன செய்ய முயன்றீர்கள், எது புரியவில்லை, அதற்கு இந்தப் படிப்பில் எந்தப் பாடம் உதவும் என்று எழுதினால் போதும்.

மகளைத் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது.

பயம் இயல்புதான், அம்மா. அவள் தங்கப்போவது பல்கலைக்கழக விடுதியா என்று கேளுங்கள். முதல் ஆண்டு அங்கேயே இருக்கட்டும். மாலையில் நடக்கும் களப்பணி இரவு ஒன்பது மணிக்கு முடியலாம். தனியாக வேலை செய்வோருக்கான பாதுகாப்பு விதி அந்த அமைப்பில் இருக்கிறதா என்று அவளே முதல் நாளில் கேட்க வேண்டும். திருமணம் முடித்துக் கணவரோடு அனுப்பலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: 2024 ஜனவரி முதல் பிரிட்டனில் பாடவழி (ஆய்வுப் படிப்பு அல்லாத) முதுகலை மாணவர்கள் துணையை அழைத்துச் செல்ல முடியாது.

முடித்ததும் அங்கேயே வேலை கிடைக்குமா?

உண்மையைச் சொல்கிறேன். பிரிட்டனில் பட்டம் முடித்தோர் விசாவில் இரண்டு ஆண்டு இருக்கலாம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதம். அதற்குப் பிறகு திறன்பணி விசாவுக்கு 2025 ஜூலை முதல் பொது ஊதிய வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருவோருக்குக் குறைந்த வரம்பு உண்டு என்றாலும், இளைஞர் பணியாளரின் தொடக்கச் சம்பளம் அதையும் எட்டுவது அரிது. இங்கிலாந்தில் 2010க்குப் பிறகு உள்ளாட்சிகள் இளைஞர் சேவைக்கான செலவைப் பாதிக்கும் மேல் வெட்டிவிட்டன. குடியேறுவதற்காக என்றால் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

திரும்பி வந்தால்?

தன்னார்வ அமைப்புகள், ஏற்றுமதி நிறுவனங்களின் தொழிலாளர் நலப் பிரிவுகள், பெருநிறுவன சமூகப் பொறுப்புத் திட்டங்கள், கல்லூரி ஆசிரியப் பணி என்று வாய்ப்புகள் உள்ளன. சம்பளம் மென்பொருள் வேலையைவிடக் குறைவு. பெற்றோர் இதைப் போகும் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும். அரசு வேலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்ற இணைத்தன்மைச் சான்று தேவை. பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் இதற்குப் புதிய விதிகள் கொண்டுவந்தது. பிரிட்டனின் ஓராண்டு முதுகலையை ஏற்பது பற்றி 2022 ஜூலையில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்திருக்கின்றன.

சேரும் முன் யாரிடமாவது பேசலாமா?

பேச வேண்டும். படிப்பின் பொறுப்பாசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள். முகவரி பல்கலைக்கழக இணையதளத்திலேயே இருக்கும். சென்ற ஆண்டு வெளிநாட்டு மாணவர்கள் எங்கே களப்பணி செய்தார்கள், இடத்தைத் துறை ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேட வேண்டுமா, மேற்பார்வையாளர் இளைஞர் பணித் தகுதி பெற்றவரா என்று கேளுங்கள். முன்பு படித்த இந்திய மாணவர் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். மூன்று வாரத்தில் தெளிவான பதில் வராத துறையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு அடுத்ததற்கு எழுதுங்கள்.